பதினேழாம் எண் குப்பைத் தொட்டி

அந்த வருடத்து நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. தொட்டிப் பதிவேடு அலுவலகத்துக்குச் சொந்தமானது. அதிலிருந்து பன்னிரண்டு பக்கங்களை மட்டும் என் கையால் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஞாபகத்தை மட்டும் நம்பினால் எனக்குச் சாதகமாகவே எழுதிவிடுவேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி, ஓர் அரசாங்க ஊழியர் குடியிருப்பு அப்போது புதிதாக எழுந்துகொண்டிருந்தது. எழுபதுகளின் முதல் பாதி. தஞ்சாவூர், திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ படித்தவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். நான் செங்கல்பட்டுக்காரன். குடியிருப்பின் துப்புரவுப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தேன். எனக்குக் கீழே பதினான்கு தினக்கூலிப் பணியாளர்கள், நான்கு தள்ளுவண்டிகள், நாற்பத்திரண்டு குப்பைத் தொட்டிகள்.

தொட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாலை போட்டு மிஞ்சிய தார் டிரம்மைக் குறுக்கே வெட்டி இரண்டாக்குவோம். இரண்டு பக்கமும் கைப்பிடி பற்றவைத்து, மேலே ஒரு தகர மூடி போட்டு, வீட்டு வரிசைகள் நெடுக இடைவெளி விட்டு வைப்போம். இரண்டு பேர் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி வண்டியில் கவிழ்க்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

கடற்காற்றில் இரும்பு நிற்கவில்லை. முதல் வருடம் வைத்த தொட்டிகள் ஒரு மழைக்காலம் தாங்கின. அடுத்த மழை வருவதற்குள் அடி உதிர்ந்துவிட்டது. நான் புது டிரம் கேட்டு எழுதினேன். எங்கள் உதவிப் பொறியாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னைக் கூப்பிட்டு, "இனிமே டிரம் கேட்டு எழுதாதீங்க. இருக்கறதை வச்சு ரெண்டு வருஷமாவது ஓட்டுங்க. எப்படின்னு நீங்களே யோசிங்க," என்றார்.

எனக்கு அது பிடித்த வேலை. ஒரு பொருள் எப்படிக் கெடுகிறது என்று கவனித்து, எழுதி, அதற்கொரு முறை கண்டுபிடிப்பது. செங்கல்பட்டில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். எங்களுக்கு டிரம் கொடுத்தவரும் அவர்தான். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"இன்னா சார், குப்பைத் தொட்டிக்கா இவ்ளோ யோசனை? பொண்ணுக்கு மாப்ள பாக்கறவன் கூட இத்தினி கேள்வி கேக்க மாட்டான்."

"ரெண்டு வருஷம் வரணும் பாய்."

"வரும். உள்ளாற தார காய்ச்சிப் பூசு. வெளிய ரெட் ஆக்சைடு ரெண்டு கை. அடியில செங்கல் குடுத்துத் தூக்கி வை, மண்ணுல குந்த வச்சா தாங்காது. ஈரம் தங்கக் கூடாது. அவ்ளோதான் இரும்போட பேஜாரு."

அவர் சொன்னதை எல்லாம் செய்தேன். தாரைக் காய்ச்சி ஊற்றித் தொட்டியை உருட்டி உருட்டி உட்புறம் முழுக்கப் படியவைத்தோம். வெளியே துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடுப் பூச்சு, அதன்மேல் பச்சைப் பெயின்ட். தொட்டிக்கு மூன்று செங்கல். மழைத் தண்ணீர் வடிய அடியில் மூன்று துளை. வெள்ளையில் எண். ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரைக்கும் எண்களை நானே எழுதினேன், ஒரே அளவில். ஒவ்வொரு தொட்டிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வெள்ளிக்கிழமைதோறும் சுற்றிப் பார்த்து அதன் நிலையைக் குறித்தேன். நல்ல நிலையில் இருந்தால் 'நல்ல நிலையில்'. இல்லையென்றால் பழுது என்ன என்று.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வீடுகளிலிருந்து புகார் வந்தது, நாற்றம் என்று. மீன் முள்ளும் சாதக் கஞ்சியும் வெயிலில் கிடந்தால் நாறத்தான் செய்யும். அதனால் நானாகவே ஒன்றைச் சேர்த்தேன். சனிக்கிழமைதோறும் எல்லாத் தொட்டிகளையும் காலி செய்து, தென்னை நாரால் தேய்த்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவினால் பதிவேட்டில் ஒரு சரி அடையாளம்.

தண்ணீர் எது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குடியிருப்பில் இரண்டு தண்ணீர் உண்டு. ஆற்றுப் படுகையிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அதைக் குப்பைத் தொட்டியில் ஊற்ற யாருக்கும் மனம் வராது. மற்றது கிணற்றுத் தண்ணீர். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தோண்டிய கிணறு. வாயில் வைத்தால் துப்பிவிடுவோம். பாத்திரம் கழுவ, செடிக்கு ஊற்ற, கக்கூசுக்கு அதுதான். தொட்டிக்கும் அதையே ஊற்றச் சொன்னேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

பணியாளர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பெரும்பாலும் பெண்கள். என் காதில் விழும்படியாகத்தான் பேசுவார்கள்.

"தொட்டிங்கல்லாம் ஆம்பளைங்கடீ. பாரு, சனிக்கிழமை ஆனா தலைக்குக் குளிக்குது."

"எண்ணெ யாரு தேச்சு வுடறது?"

"சார்தான். அவுரு வூட்ல கூட இப்டி வாரா வாரம் முதுகு தேச்சு வுட்டுருக்க மாட்டாரு."

நான் கேட்காததுபோல் எழுதிக்கொண்டிருப்பேன். நாட்குறிப்பில் அந்தப் பேச்சும் இருக்கிறது. அன்று கழுவிய தொட்டிகள் நாற்பத்திரண்டு என்பதும் இருக்கிறது.

அவர்களில் மேற்கு வரிசையைக் கூட்டியவர் ஒரு பெண்மணி. பதினான்கு முதல் இருபத்து மூன்று வரையிலான பத்துத் தொட்டிகள் அவர் பொறுப்பு. வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். நேரில் பேசும்போது அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'சார்' என்பார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. குப்பையை வண்டியில் கொட்டியதும் தொட்டிக்குள் அடியில் ஒரு கூடை சவுக்குச் சருகு போடுவார். வேலிக்கு வெளியே சவுக்குத் தோப்பு. ஊசி ஊசியாய் உதிர்ந்து கிடக்கும். அதைப் போட்டு, மேலே இரண்டு கை அடுப்புச் சாம்பலைத் தூவுவார்.

நான் அதை முதலில் பார்த்தபோது அது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். கழுவாமல் மறைக்கிற வேலை.

"இது என்ன? குப்பையை அள்ளற இடத்துல நீயே குப்பையைப் போடற."

"ஈரத்த இது குடிச்சுக்கும் சார். கஞ்சி, மீன் தண்ணி எல்லாம் இதுமேல நின்னுடும். கவுத்தா மொத்தமா கழண்டு வந்துடும், அடியில ஒட்டாது."

"அப்ப கழுவறது எதுக்கு?"

"அதான் நானும் கேக்கறேன். உப்புத் தண்ணி சார். கழுவிட்டு காஞ்சா பாருங்க, வெள்ளையா பூத்துகினு கீது. எங்க பக்கம் கிணத்துத் தண்ணிய இரும்பு வாளியில புடிக்க மாட்டாங்க."

"கழுவாம நாற விடச் சொல்றியா? சருகை எடு. நாளையிலேர்ந்து போடக் கூடாது."

அவர் எடுத்தார். எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேச முடியாத காரணம் ஒன்று இருந்தது. அது எனக்கும் தெரியும்.

தினக்கூலிப் பணியாளர்களில் ஆறு பேரை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவர் பெயர் மூன்றாவது. புருஷன் விட்டுப் போனவர்; திருப்போரூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் மகளோடு இருந்தார். நிரந்தரமானால் குடியிருப்புக்குள்ளேயே ஓர் அறையும் சமையல் மாடமும் கொண்ட வீடு. அதைவிட முக்கியமாக, மகளைக் குடியிருப்புப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கலாம். தினக்கூலி ஆட்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடையாது. அவர் தினமும் அந்தப் பள்ளியின் வாசலைக் கூட்டிவிட்டு, மணியடிப்பதற்கு முன் ஒதுங்கிக்கொள்வார். பட்டியல் தை மாதத்தில் கையெழுத்தாகும் என்று சொன்னார்கள். அந்த வருடம் முழுக்க அவர் ஒரு நாள் கூட விடுப்பு எடுக்கவில்லை. வருகைப் பதிவும் என்னிடம்தான் இருந்தது.

தொட்டிகளைக் கழுவ ஆரம்பித்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையும் போயிற்று. பெயின்ட் அங்கங்கே மங்கியிருந்ததே தவிர உரியவில்லை. உதவிப் பொறியாளர் ஜீப்பில் போகும்போது நிறுத்தி, "பரவாயில்லையே, புதுசு மாதிரி இருக்கே," என்றார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போலப் பதிவேட்டோடு சுற்றினேன். பதினேழாம் எண் தொட்டி என் அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அந்தப் பெண்மணி பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பக் கட்டையைத் திருப்பி, தொட்டியின் அடிப்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இத்த மாத்துங்க சார். அடி போயிட்ச்சு."

"எப்படித் தெரியும்?"

"சத்தம் வர்ல பாருங்க. மேல தட்டுனா டங்குங்குது. கீழ தட்டுனா சாணிய தட்டுன மாதிரி கீது."

நான் குனிந்து பார்த்தேன். பச்சைப் பெயின்ட் முழுசாக இருந்தது. மூடியைத் திறந்தேன். பாதிக்கு மேல் குப்பை. குப்பைக்கு மேலே தெரிந்த இடமெல்லாம் தார் கறுப்பாகப் பளபளத்தது. அடியைப் பார்க்க வேண்டுமென்றால் காலி செய்து கவிழ்க்க வேண்டும். இன்னும் இருபத்தைந்து தொட்டி பாக்கி. மணி பதினொன்றரை.

"நல்லாத்தானே இருக்கு. அடுத்த மாசம் பெயின்ட் அடிக்கறப்ப பாத்துக்கலாம்," என்றேன்.

பதிவேட்டில், பதினேழாம் பக்கத்தில், தேதிக்கு நேரே 'நல்ல நிலையில்' என்று எழுதினேன். இப்போது நகலில் பார்க்கிறேன். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நான் அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது வெளியே ஒரு சத்தம் கேட்டது. அலறல் இல்லை. இரும்பு கிழிகிற சத்தம், அதன் பிறகு ஏதோ ஈரமாக விழுந்த சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண்மணியும் இன்னொரு பெண்ணும் தொட்டியைத் தூக்கியிருக்கிறார்கள். பாதி உயரத்தில் அடி திறந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் குப்பை மொத்தமும் சரிந்தது. அது தள்ளுவண்டியைப் பிடித்திருந்தவர் காலில் விழாமல் இருக்க அந்தப் பெண்மணி வலது கையைக் கீழே கொடுத்துத் தாங்கியிருக்கிறார். தொங்கிய தகரம் உள்ளங்கையில் ஆரம்பித்து மணிக்கட்டுவரை அறுத்துவிட்டது.

நான் ஓடிப்போனபோது அவர் மண்ணில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையை மடியோடு அழுத்திக்கொண்டிருந்தார். கூட இருந்த பெண் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். முதலுதவி அறையில் கட்டுப் போட்டு, ஜீப்பில் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரம். வழியில் ஒரே ஒரு முறை, "ஜீப்பு சீட்டு அழுக்காவுது சார்," என்றார்.

ஊசி போட்டார்கள், தைத்தார்கள். டாக்டர் நிதானமானவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காயம் ஆறிவிடும், ஆனால் விரலை மடக்குகிற நரம்பு இரண்டு அறுந்திருக்கிறது, நடுவிரலும் மோதிர விரலும் இனி மடங்குவது கஷ்டம் என்றார். துடைப்பம் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். "பிடிக்கலாம். இறுக்கிப் பிடிக்க முடியாது," என்றார்.

வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"லிஸ்ட்டுல பேரு எடுத்துடுவாங்களா சார்?"

"எடுக்க மாட்டாங்க."

"பொண்ணுகிட்ட இஸ்கூலு சேத்துடறேன்னு சொல்லிட்டேன். அது பை கூட தெச்சு வச்சிகினு கீது."

"எடுக்க மாட்டாங்கன்னு சொல்றேன் இல்ல," என்றேன்.

அவர் ஒரு தடவை கூட 'நான் அன்னிக்கே சொன்னேனே சார்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எதிர்த்து ஏதாவது பேசியிருப்பேன்.

புதன்கிழமை உதவிப் பொறியாளர் பதிவேட்டோடு வரச் சொன்னார். அவர் மேசையில் விபத்து அறிக்கைப் படிவம் இருந்தது. விபத்துக்குக் காரணம் என்ற தலைப்பின் கீழ் இரண்டு கட்டங்கள். ஒன்று, கருவியின் பழுது. மற்றது, பணியாளரின் கவனக்குறைவு.

"முதல் கட்டத்துல டிக் போட்டா அவங்களுக்கு லேசான வேலை கொடுத்தாகணும். நர்சரியில செடிக்குத் தண்ணி ஊத்தறது, அந்த மாதிரி. லிஸ்ட்டுல பேரும் இருக்கும். ரெண்டாவதுல போட்டா பேர் போயிடும்," என்றார். பிறகு பதினேழாம் பக்கத்தைத் திருப்பினார். "வெள்ளிக்கிழமை 'நல்ல நிலையில்'னு நீங்களே எழுதியிருக்கீங்க. மூணு நாள்ல ஒரு தொட்டி எப்படிக் கெட்டுப்போகும்?"

நான் பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

"பார்த்துட்டுத்தானே எழுதினீங்க? பார்க்காம எழுதினேன்னு சொல்லுங்க, நான் முதல் கட்டத்துல போடறேன். ஆனா மெமோ உங்களுக்கு வரும். உங்க பிரமோஷன் ஃபைல் மேல போயிருக்கு, தெரியுமில்ல?"

அவர் மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன். இருந்ததைச் சொன்னார். மூன்று நாளில் தொட்டி கெடாது என்று நானும் உண்மையாகவே நம்பினேன். தார் பூசியது, பெயின்ட் அடித்தது, வாரம் தவறாமல் கழுவியது. அத்தனையும் எழுத்தில் இருக்கிறது. கையை அடியில் கொடுத்துத் தூக்குவது முறையில்லை, கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பெண்மணி துடைப்பக் கட்டையால் தட்டிக் காட்டியது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் அது பதிவேட்டில் இல்லை.

உதவிப் பொறியாளர் இரண்டாம் கட்டத்தில் குறியிட்டார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை விடுப்பில் செங்கல்பட்டுக்குப் போனபோது, பிய்ந்துபோன அடித் தகரத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். பாய் மட்டமான டிரம் கொடுத்திருப்பார் என்று ஒரு சந்தேகம். அதை நிரூபித்தால் மூன்றாவதாக ஒரு காரணம் கிடைக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

பாய் அதைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் வளைத்தார். அப்பளம்போல் உடைந்தது. உடைந்த இடத்தில் ஏடு ஏடாகத் துரு. ஏடுகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ. அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"இன்னாத்துல கழுவுன சார்?"

"கிணத்துத் தண்ணியில."

"எங்க கிணறு?"

"அங்கேயேதான். குடியிருப்புல."

அவர் தகரத்தைக் கீழே வைத்தார். "தாரு வெடிச்ச எடத்துல உப்புத் தண்ணி பூந்துகிச்சு. மேல தாரு, கீழ பெயின்ட்டு, நடுவுல உப்பு. வெளிய வர வழி இல்ல. உள்ளாறயே தின்னுகினு இருந்துருக்குது. நீ கழுவாம வுட்டிருந்தா இன்னும் ரெண்டு வருசம் வந்துருக்கும். நான் உன்கிட்ட இன்னா சொன்னேன்? ஈரம் தங்கக் கூடாதுன்னேன். நீ வாரா வாரம் கடல ஊத்திகினு இருந்துருக்கே."

நான் சாக்கை மடித்துக்கொண்டேன். டீ சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிடவில்லை.

ஞாயிறும் திங்களும் மற்ற நாற்பத்தொரு தொட்டிகளையும் காலி செய்யவைத்து நானே கவிழ்த்துப் பார்த்தேன். துடைப்பக் கட்டையால் அடியில் தட்டினேன். இரண்டு நாளில் என் காதுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு தொட்டிகளில் சத்தம் வரவில்லை. சிலவற்றில் கட்டை உள்ளேயே போயிற்று. பெயின்ட் மட்டும் அதே பச்சை.

ஒன்பது தொட்டிகள் கெட்டியாக இருந்தன. பதினான்கு, பதினைந்து, பதினாறு. பதினெட்டு முதல் இருபத்து மூன்று வரை. மேற்கு வரிசை. தட்டினால் மணிபோல் சத்தம். அடித் தாரில் ஒரு கீறல் இல்லை. உட்புறத்தில் அங்கங்கே சவுக்கு ஊசிகள் ஒட்டியிருந்தன.

அவரோடு தொட்டி தூக்குகிற பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"அக்கா அதுங்கள கழுவாது சார். சருகு போட்டு, நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துடும். சனிக்கிழமை வெளிப்பக்கம் மட்டும் ரெண்டு கை தண்ணி தெளிச்சு வைக்கும். நீங்க சரி போட்டுட்டுப் போயிடுவீங்க."

"பதினேழு?"

"அது உங்க ஜன்னலாண்ட கீதே சார். அத்த மட்டும் நீங்க சொன்ன மாதிரி கழுவும்."

அன்று மாலையே இரண்டாவது அறிக்கை எழுதினேன். நான்கு பக்கம். தொட்டி வாரியாக அட்டவணை, கழுவியது, கழுவாதது, அடியின் நிலை. வெள்ளிக்கிழமை தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் 'நல்ல நிலையில்' என்று எழுதினேன் என்றும், பணியாளர் பழுதைச் சுட்டிக்காட்டினார் என்றும், அவர்மேல் தவறு இல்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். செவ்வாய்க்கிழமை காலை உதவிப் பொறியாளர் மேசையில் வைத்தேன். அவர் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"லிஸ்ட் வெள்ளிக்கிழமையே கையெழுத்தாகிப் போயிடுச்சு. தை வரைக்கும் காத்திருக்கல. அவங்க பேருக்குப் பதிலா ஏழாவது பேர் ஏறிடுச்சு. அந்த ஏழாவது ஆளை இப்ப எடுக்கச் சொல்றீங்களா?"

"இவங்களுக்கு லேசான வேலை..."

"லிஸ்ட்டுல இல்லாதவங்க தினக்கூலி. துடைப்பம் பிடிக்க முடியாத தினக்கூலியை எந்த விதியில வச்சுக்கறது? புதன்கிழமையே நீங்க இதைச் சொல்லியிருக்கணும்."

ஆறு நாள். புதனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஆறு நாள். எனக்கு மெமோ வந்தது. பிரமோஷன் இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. அதற்குப் பிறகு வந்தது. இதை ஒரு தண்டனையாக எழுதத் தோன்றவில்லை.

தையல் பிரித்த பிறகு அந்தப் பெண்மணி ஒரு முறை குடியிருப்புக்கு வந்தார். தன் கூடையையும் சருகு அரிக்கிற வாரியையும் எடுத்துப்போக. நான் அலுவலகத்தில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பதினேழு இருந்த இடத்தில் மூன்று செங்கல் மட்டும் கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் கொஞ்சம் நின்றார், செங்கல்களைக் காலால் ஒன்றாக ஒதுக்கினார், போய்விட்டார். நான் வெளியே போகவில்லை. அன்றைய பக்கத்தில், 'தலைவலி. பதினொரு மணிக்கு மாத்திரை,' என்று இருக்கிறது.

அதன் பிறகு முறையை மாற்றினேன். கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் படக் கூடாது. தினமும் அடியில் ஒரு கூடை சவுக்குச் சருகு, இரண்டு கை சாம்பல். சருகோடு சேர்த்துக் கவிழ்க்க வேண்டும். மாதம் ஒரு முறை காலி செய்து, கவிழ்த்து, தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். தார் வெடித்திருந்தால் சுரண்டி, காயவைத்து, மறுபடி பூச வேண்டும். தொட்டிகள் நின்றன. இரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு தொட்டியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது, அதுவும் லாரி இடித்து.

இது மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. வேறு கடலோரக் குடியிருப்புகளுக்கும் அனுப்ப ஒரு குறிப்புக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். படிவத்தின் கடைசியில் 'யோசனை அளித்தவர் பெயர், பதவி' என்று ஓர் இடம் இருந்தது. அந்தப் பெண்மணியின் பெயரை எழுதி, 'துப்புரவுப் பணியாளர், மேற்கு வரிசை' என்று எழுதினேன். பதினைந்து நாளில் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: 'இப்பெயரில் பணியாளர் எவரும் இல்லை. சரிபார்த்து அனுப்பவும்.' நான் சரிபார்க்கவில்லை. மாற்றாமல் அப்படியே திருப்பி அனுப்பினேன். பிறகு சுற்றறிக்கையாக வந்தபோது அந்த இடத்தில் என் பதவி தட்டச்சாகியிருந்தது.

அவரைக் கடைசியாகப் பார்த்தது திருப்போரூரில். ஒரு கிருத்திகை நாள். பஸ் நிறுத்தத்தில் கூட்டம். வேகவைத்த வேர்க்கடலையைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். இடது கையால் அளந்து போட்டார். வலது கை மடியில் கிடந்தது, இரண்டு விரல் நீட்டியபடி. நான் ஒதுங்கிப் போயிருப்பேன். அவர்தான் முதலில் பார்த்தார்.

"இன்னா சார், சாமி பாக்க வந்தீங்களா? தொட்டிங்கல்லாம் எப்டி கீது?"

"நல்லா இருக்கு. இப்ப சருகுதான் போடறோம்."

"கழுவறது இல்லையா?"

"இல்ல."

"அதுங்களுக்கும் சனிக்கிழமை குளியல் போச்சா," என்று சிரித்தார்.

சுற்றறிக்கை விஷயத்தைச் சொன்னேன். அவர் பெயரை எழுதி அனுப்பியது, அப்படி ஒரு ஆளே இல்லை என்று திரும்பி வந்தது. எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கடலைக்கூடையை மூடியிருந்த சாக்கைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"இல்லாத ஆளுக்கு மழ வந்தா கை இப்டியா சார் வலிக்கும்?"

மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"வூட்ல கீது. கடலை அது வேகவைக்கும், நான் விக்கறேன். மாவு பெசய, துணி புழிய எல்லாம் அதான். என் கையே அதான் இப்ப." பக்கத்தில் கையைக் காட்டி, "அந்தப் பை கீது. அதுலதான் பொட்லத்துக்குப் பேப்பரு போட்டு வச்சிகினு கீறேன்," என்றார். கூடைக்குப் பக்கத்தில் காக்கித் துணியில் தைத்த ஒரு பள்ளிக்கூடப் பை இருந்தது. அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை.

திருவிடந்தைப் பக்கம் போகிற பஸ் வந்தது. அங்கே கோயில் வாசலில் சாயங்காலத்தில் நன்றாக விற்கும் என்று எழுந்தார். கூடையைத் தலைக்கு ஏற்ற இரண்டு கை வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அவர் இடது கையால் பிடித்தார், மறுபக்கம் நான் பிடித்தேன். பஸ் ஏறும்வரை கூடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அன்றைய நாட்குறிப்பில் பஸ் இருபது நிமிடம் தாமதம் என்று எழுதியிருக்கிறேன். வேறு எதுவும் எழுதவில்லை.